நிறுத்தக்கூடாத மெஷின்

யக்கா, இந்த பஸ் எத்தனை மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு போகும்னு உங்களுக்குத் தெரியுமா? கண்டக்டர்ட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். "போகும்மா, போகும்"ங்கான். போகும்னு எனக்குத் தெரியாதாக்கும்? எத்தனை மணிக்குன்னுல்லா கேட்டேன்.

ஆறரையா? வெளங்கும். ஆறு மணிக்குள்ள நான் ஏர்போர்ட் வாசல்ல நிக்கணும்க்கா. எங்க வீட்டுக்காரவ மஸ்கட்டுக்குப் போறாவ. ஏழே முக்காலுக்கு பிளேன். உள்ள போயிட்டா வெளிய விடமாட்டாவளாம். அதுக்குள்ள இந்த மாத்திரைய அவிய கையில குடுத்துரணும். ஆறு மாசம் ஒரு நாள் விடாமத் திங்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு, வீட்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்டாவ. இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அவியளுக்கு லீவு.

கேளுங்க, கேளுங்க. கூடப் போகலையான்னு தானே கேக்க வந்திய? காலைல இருந்து எல்லாரும் அதத்தான் கேக்காவ. கொழுந்தன் கார் எடுத்துட்டு வந்தாரு, பத்து மணிக்கு ரெண்டு பேரும் கெளம்புனாவ. நான் எப்படிப் போக? மெஷின் ஓடுதுல்லா.

தையல் மெஷின் இல்லக்கா. கம்ப்யூட்டரு. எம்பேரு உலகம்மாள். யூனிவர்சிட்டில ஒரு ப்ராஜெக்டுல இருக்கேன். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் கிணத்துல உப்புத்தண்ணி ஏறுதுல்லா, அது இன்னும் நாப்பது வருசத்துல எந்த ஊரு வரைக்கும் ஏறும்னு கணக்குப் போடுத வேல. நாம போட மாட்டோம், மெஷின் போடும். கருப்புத் திரைல ஒரு வரி எழுதி ஒரு தட்டுத் தட்டுனா ஓட ஆரம்பிச்சிரும். ஒண்ணரை நிமிசத்துக்குள்ள ஒரு நம்பரு விழும். முப்பதாயிரம் நம்பரு விழணும். அப்படின்னா முப்பது நாளு. ஆமா, ராத்திரி பகலா முப்பது நாளு.

போன வருசம் இப்படி ஓடிக்கிட்டு இருக்கப்ப எங்க பூரணம், அதான் கூட்டிப் பெருக்க வாரவ, தூசியா இருக்கேன்னு ஈரத்துணிய வச்சு கீபோர்ட நல்லா அழுத்தித் தொடச்சுப்பிட்டா. பதினோரு நாள் ஓட்டம் ஒரே துடைப்புல போச்சு. எங்க சாரு, ஆவுடைநாயகம் சாரு, ஏசக்கூட இல்ல. கண்ணாடியக் கழத்தி மேசையில வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. மறுநாள் எங்கிட்ட சொன்னாரு: "உலகம்மா, கரண்டு போனா யூபிஎஸ் இருக்கு. மனுசக் கைக்கு யூபிஎஸ் கிடையாது. நீ காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அந்த ரூமை விட்டு நகரக்கூடாது. ஞாயித்துக்கிழமையும் வரணும். ஆறு மணிக்குப் பூட்டிச் சாவிய நீயே கொண்டுட்டுப் போ."

அன்னைல இருந்து அதான் சட்டம். கீபோர்டு மேல ஒரு செருப்புப் பெட்டிய கவுத்தி, சணல் கயிறு போட்டுக் கட்டிருவோம். சிரிக்காதிய. ஆயுதபூசைக்கு சாரே வந்து திரைக்கு மட்டும் சந்தனம் வச்சாரு. கீபோர்டுக்கு வைக்கல. வெரலு பட்டுருமாம்.

ஏசி மெக்கானிக்குக்கா எங்க வீட்டுக்காரவ. கல்யாணமாகி ஒம்பது வருசம். நாலு லீவுதான் வந்திருக்காவ. புள்ளை இல்ல. அதையும் சொல்லிருதேன், நீங்க கேக்க முன்னால. எங்க அத்தை என்னைய எத்தனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்காவ தெரியுமா? பாளையங்கோட்டைல ஒண்ணு, நாகர்கோயில்ல ஒண்ணு, அப்புறம் யாரோ சொன்னாவன்னு தூத்துக்குடில ஒண்ணு. எல்லாத்துலயும் படுக்கப் போட்டு, ஊசியப் போட்டு, ஸ்கேன் எடுத்து, கடைசில "ஒண்ணும் குறை தெரியலையே"ம்பாவ. குறை தெரியலன்னா விடணும்லா? விடமாட்டாவ. இன்னும் நல்லாப் பாக்கச் சொல்லுவாவ. மூணாவது தடவ நான் மயங்கி விழுந்துட்டேன். அதுல இருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

இந்தத் தடவ நாப்பது நாள் லீவு. அவிய வந்து மூணாம் நாளு சாரு ஓட்டத்த ஆரம்பிச்சாரு. என் தலையெழுத்தப் பாருங்க. ஒரு மாசம் முந்தியோ பிந்தியோ ஆரம்பிச்சிருக்கக் கூடாதா? காலைல எட்டரைக்குப் போனா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வீடு. புருசன் வீட்டுல கெடக்கான், பொண்டாட்டி கம்ப்யூட்டருக்குக் காவல் கெடக்கான்னு தெருவே பேசிச்சு. பேசட்டும். பேசுதவளா வந்து அந்த மெஷினப் பாப்பா?

ஒரு நாள் அவியளே சோறு எடுத்துக்கிட்டு லேபுக்கு வந்துட்டாவ. புளிச்சாதமும் அப்பளமும். அவியளே பண்ணுனதாம். ஸ்டூலப் போட்டு என் பக்கத்துல உக்காந்தாவ. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாவக்கா. நம்பரு விழுததப் பாத்துக்கிட்டே இருந்தாவ. அப்புறம் கேக்காவ, "ஏளா, இத நடுவுல கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா? ஏசியக்கூட நிறுத்திட்டுத் திரும்பப் போடுதோம்லா?"

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏசியும் இதுவும் ஒண்ணா? நிறுத்துனா எல்லாம் போச்சு, முதல்ல இருந்து போடணும்"னு சொன்னேன். அவிய அப்பளத்த ஒடிச்சு என் பக்கம் தள்ளுனாவ. அப்புறம், "மதுரைல ஒரு டாக்டர்ட்ட நேரம் வாங்கியிருக்கேன், வார இருவத்தஞ்சாந் தேதி, ஒரு நாள் தான், காலைல போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்"னாவ.

நான் புளிச்சாதத்த மூடி வச்சேன். மறுபடியும் படுக்கப் போடுவாவ. மறுபடியும் ஊசி. "மெஷின் ஓடுதுங்க"ன்னேன். "சாருகிட்ட நான் கேக்கட்டுமா?"ன்னாவ. "ஐயோ, வேலைக்கு உலை வச்சிராதிய"ன்னேன். அவ்வளவுதான். பாத்திரத்தக் கழுவி எடுத்துக்கிட்டுப் போயிட்டாவ. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை வெவரமாச் சொல்லல, பாத்துக்கிடுங்க. அவிய எப்பவுமே அப்படித்தான், எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ.

சரி, இனி ஒரு மூதி கதைக்கு வாரேன். நிலோஃபர்னு ஒரு புள்ள. திருச்சில இருந்து புதுசா ஆராய்ச்சிக்குச் சேந்திருக்கா. இருவத்தி மூணு வயசு இருக்கும். இந்தக் கதைல எனக்கு வந்த வினையெல்லாம் அவளாலதான். சொல்லுதேன் கேளுங்க.

இருவத்தி ரெண்டாந் தேதி, ஓட்டம் ஆரம்பிச்சுப் பதினெட்டு நாளு முடிஞ்சிருக்கு. நான் ஒரு எட்டு பாத்ரூம் போயிட்டு வாரேன், செருப்புப் பெட்டியக் காணோம். தரையில கெடக்கு. இவ கீபோர்டு முன்னால உக்காந்திருக்கா. "அக்கா, இதுல இருந்து ஒரு ஃபைல் எடுக்கணும்க்கா, ஒரே நிமிஷம்"னு சொல்லிக்கிட்டே ரெண்டு வெரல வச்சு ஒரு அழுத்து. கன்ட்ரோலும் இசட்டும்.

திரைல ஓட்டம் நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னு எழுதியே காட்டுதுக்கா, இங்கிலீஷ்ல. அதுக்குக் கீழ வெறும் கோடு ஒண்ணு முழிச்சு முழிச்சு அணையுது. பதினெட்டு நாளு! எம்புருசன் லீவுல பதினெட்டு நாளு! என்ன செய்யுதேன்னே தெரியல, ஓங்கி அவ கன்னத்துல ஒண்ணு விட்டேன்.

அடிச்சிருக்கக் கூடாதுதான். எனக்கே தெரியும். அடுத்த வீட்டுப் பொம்பளப் புள்ளைய. ஆனா அவ அழல, அதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கன்னத்தப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, சாகலக்கா. நிறுத்தித்தான் வச்சிருக்கேன். பாருங்க"ன்னு ஏதோ ரெண்டு எழுத்துத் தட்டுனா. எஃப், ஜி. "இப்ப வரும், இருங்க"ன்னா.

அடுத்த நம்பரு விழ ஒண்ணரை நிமிசம் ஆகும்லா? அந்த ஒண்ணரை நிமிசம் நாங்க ரெண்டு பேரும் திரையவே பாத்துக்கிட்டு நின்னோம். கடைசியா விழுந்தது பதினெட்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு. எங்க குலசாமிய எல்லாம் கூப்புட்டேன். இசக்கியம்மா, நீயே கதின்னேன். விழுந்துச்சுக்கா. பதினெட்டாயிரத்து இருநூத்திப் பதிமூணு. விட்ட எடத்துல இருந்து ஒண்ணு கூடக் குறையாம.

நான் ஸ்டூல்ல பொத்துன்னு உக்காந்துட்டேன். அவ விடல. அடி வாங்குன பெறகும் வாத்தியார் வேல பாக்கா. மறுபடியும் நிறுத்திக் காட்டுதா. பி, ஜின்னு தட்டுதா. "இப்ப பின்னால ஓடுதுக்கா. நீங்க முன்னால வேற வேல பாக்கலாம்"ங்கா. அப்புறம் இன்னொரு சொல்லு தட்டுனா. "இனி இந்தத் திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க மூடிட்டு வீட்டுக்குப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். கீபோர்ட யாரு தொடச்சாலும் ஒண்ணும் ஆகாது"ங்கா. மூடியே காட்டுனா. திரும்ப உள்ள போயிக் காட்டுனா. ஓடிக்கிட்டுதான் இருக்கு.

"இத்தனை நாளா ஏன்க்கா இங்கயே உக்காந்திருந்தீங்க?"ன்னு கேட்டா பாருங்க ஒரு கேள்வி. நெசமாவே தெரியாமத்தான் கேட்டா. அந்த அறைய அவ எனக்குத் திருப்பி விட்டிருந்தாக்கூட அம்புட்டு வலிச்சிருக்காது.

சாருக்கும் தெரியாதுக்கா. அவருக்குக் கணக்குத் தெரியும், உப்பு தெரியும். இது தெரியாது. அவருக்குத் தெரியாதது இருக்கும்னு எனக்குத் தோணவேயில்ல.

அப்புறம் என்னவா? அப்புறம் நான் நிலோஃபர்ட்ட சொன்னேன், "ஏட்டி, இத சாருட்ட சொல்லாத." ஏன்க்கான்னா. "சொல்லாதன்னா சொல்லாத"ன்னேன். அடிச்சது வெளிய தெரியக்கூடாதுன்னு நான் பயப்படுதேன்னு நெனச்சுக்கிட்டா பாவம். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா"ன்னு சத்தியம் பண்ணுனா. நான் செருப்புப் பெட்டிய எடுத்துக் கவுத்திக் கயித்தக் கட்டிட்டு, மறுபடியும் ஸ்டூல்ல உக்காந்தேன்.

நீங்களும் அவள மாதிரியே கேக்குதியளே! எதுக்கு உக்காந்தேன்னா, சாரு உக்காரச் சொல்லியிருக்காரு. சம்பளம் வாங்குதேம்லா? பின்னால ஓடுதத நம்ப முடியுமா? ஓடும்னு அவ சொல்லிட்டா ஆச்சா? மெஷின்னா ஒரு ஆளு பக்கத்துல வேணும்.

இருவத்தஞ்சாந் தேதியா? ஆமா, மூணு நாள் கழிச்சு. தெரியும்தான். தெரிஞ்சுதான் போகல. போதுமா? அவிய மட்டும் விடியக்காலம் மதுரைக்குக் கெளம்பிப் போனாவ. பொண்டாட்டி இல்லாம ஒரு ஆம்பள தனியாப் போயி என்னத்தக் கேப்பாவன்னு நெனச்சேன். அடுத்த தேதி வாங்க, காசு கட்ட, அப்படி ஏதோன்னு நெனச்சேன். அன்னைக்கு முழுக்க லேபுல ஒக்காந்து கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன், வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவாவளோன்னு. மெஷின் பாட்டுக்கு ஓடுச்சு.

திரும்பி வந்தவுக மூஞ்சியே சரியில்ல. கை கால் கழுவிட்டு அடுக்களை வாசல்ல வந்து நின்னு, "உலகு, ஒண்ணு சொல்லணும்"னாவ. என்னைய அட்மிட் பண்ணச் சொல்லிட்டாவ, அதான் சொல்லப் போறாவன்னு நெனச்சேன். "தலைய வலிக்குங்க, நாளைக்குச் சொல்லுங்க"ன்னேன். மறுநாள் லேபுக்குப் போயிட்டேன். அதுக்கு மறுநாளும் வாசல் வரைக்கும் வந்தாவ. "பஸ்ஸு வந்துரும், அப்புறம் பேசுவோம்"னேன். அதுக்கப்புறம் அவிய எதுவும் சொல்ல வரல. அதான் சொன்னேனே, வாயத் தொறந்து எதையும் சொல்ல மாட்டாவ.

முப்பது நாள் ஓட்டம் முடிஞ்சுச்சு. சாரு சந்தோசத்துல உடனே ரெண்டாவது ஓட்டம் போடச் சொல்லிட்டாரு. நிலோஃபர் அஞ்சு நிமிசத்துல பின்னால ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டா. நான் வீட்டுல வந்து "ரெண்டாவது ஓட்டம் ஆரம்பிச்சிட்டாவ"ன்னேன். அவிய சோத்துல கைய வச்சுக்கிட்டே "சரி"ன்னாவ. இன்னைக்குக் காலைல, "ஏர்போர்ட்டுக்கு வாரியா?"ன்னாவ. "மெஷின் ஓடுதே"ன்னேன். அதுக்கும் "சரி"தான்.

லேபுல போயி உக்காந்தா இருப்புக் கொள்ளல. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு சேலைய எடுக்கலாம்னு பீரோவத் தொறந்தா, மேல ஒரு ஃபைலு. மதுரை ஆஸ்பத்திரி ஃபைலு. எம்பேருதான் இருக்கும்னு நெனச்சு அப்படியே சாத்தப் போனேன்.

எம்பேரு இல்லக்கா. அவிய பேரு. நான் வாயால சொல்லக்கூடாது, ஆனா அவிய பேருதான் போட்டிருந்துச்சு. அவியளுக்குத்தான் டெஸ்ட் பாத்திருக்காவ. குறை அவியளுக்காம். ஆறு மாசம் மாத்திரை தின்னா சரியாகும், அப்புறம் திரும்பப் பாக்கணும்னு எழுதியிருக்கு. அதுக்கு அடுத்த பக்கத்துல என்னோட பழைய ரிப்போர்ட் மூணும் இருக்கு. எப்ப எடுத்துட்டுப் போனாவளோ. டாக்டர் அதையெல்லாம் பாத்துட்டு, மனைவிக்கு எந்தக் குறையும் இல்லன்னு தனியா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு.

ஒம்பது வருசம்க்கா. நான் தரையில உக்காந்து அழுதேன். அவியளுக்காக அழுதனா எனக்காக அழுதனான்னு தெரியல. அவிய என்னைய டெஸ்டுக்குக் கூப்புடல, தனக்குத் துணைக்குக் கூப்புட்டிருக்காவ. பக்கத்துல ஒரு ஆளு வேணும்னு கூப்புட்டிருக்காவ. அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்? அந்த நிலோஃபர் மூதியாவது ரெண்டு வாரம் முன்னால வந்து சேந்திருக்கக் கூடாதா?

ஃபைலுக்குள்ளதான் மாத்திரை இருந்துச்சு. பிரிக்கவேயில்ல. போன் போட்டா என்னன்னு சொல்ல? நான் லேபுல இருக்கேன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருப்பாவ. நேர்ல போயி நின்னு குடுத்துருவோம்னு கெளம்பிட்டேன். குடுத்துட்டு, அப்புறம் என்ன சொல்லணும்னு இன்னும் யோசிக்கல.

இருங்க, போன் அடிக்கு. அவியதான். ஐயோ, கொஞ்சம் இந்தப் பையப் புடிங்க யக்கா.

ஏங்க. ம். சாப்ட்டேன். லேபுலதான் இருக்கேன். ஆமா, ஓடுது. ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க சாப்ட்டியளா?

"மார்த்தாண்டம்! மார்த்தாண்டமெல்லாம் முன்னால வா!"

இல்லங்க, அது வெளிய யாரோ… இல்ல. ஆமா. பஸ்ஸுலதான் இருக்கேன். உங்களப் பாக்கத்தான் வாரேன். பீரோல ஃபைலப் பாத்தேன். மாத்திரைய மறந்து வச்சிட்டியளே, அதான். இல்ல, கேளுங்க… அதுக்கு இல்லங்க. ஏங்க? ஏங்க?

வச்சிட்டாவ.

மறக்கலையாம்க்கா. வச்சிட்டுத்தான் வந்தேங்காவ. "அதத் தின்னுட்டு என்ன செய்ய உலகு, அடுத்த லீவுக்கு வாரப்பவும் உனக்கு ஒரு மெஷின் ஓடும்லா"ங்காவ. கோவமாச் சொல்லல. ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். பெட்டிய உள்ள போட்டாச்சாம், பாஸ்போர்ட்டுல சீலும் குத்தியாச்சாம், இனி வெளிய வர முடியாதாம். நீ இறங்கி வீட்டுக்குப் போ, பாத்துப் போன்னாவ.

இறங்கல கண்டக்டர், நான் தம்பானூர் டிக்கெட்டு.

என்னத்தக்கா இறங்கச் சொல்லுதிய? இறங்கி அடுத்த வண்டியப் புடிச்சு வீட்டுக்குப் போயி? எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. மெஷினும் இல்ல, சாரும் இல்ல, பயம். அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா அவிய கேட்டிருப்பாவ. ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தாவளே, அப்பச் சொல்லியிருக்கலாம். மெஷின் மெஷின்னே சொல்லிட்டேன்.

பிளேனுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் போன அணைக்க மாட்டாவல்லா? போட்டுக்கிட்டே இருக்கேன். ரிங்கு போகுது. கேக்குதா உங்களுக்கு? எடுக்க மாட்டேங்காவ. போகட்டும், திரும்பப் போடுதேன்.